மலை தெரியாத நாட்கள்

எந்த அருவியில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று நான்கு நாட்களுக்கும் சேர்த்து ஓர் அட்டவணையைத் தயாரித்து, அதை மழையில் நனையாதபடி லேமினேட்டும் செய்து கொண்டுவந்திருந்தார் எங்களில் கணக்காளராக வேலை பார்க்கும் நண்பர். அதன் முதல் வரி, வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு மதுரையிலிருந்து புறப்படுதல். நாங்கள் புறப்பட்டபோது மணி ஐந்தே முக்கால். நான்கு நாட்களில் அந்த அட்டவணையை ஒட்டி நடந்த காரியங்களில் அதுவே மிகச் சிறந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வண்டிகள், ஐந்து பேர். கனமான 350 சிசி வண்டியில் நாங்கள் 'அண்ணன்' என்று அழைக்கும் மூத்தவரும் அவருக்குப் பின்னால் கணக்காளரும், 150 சிசி வண்டியில் நானும் பள்ளி ஆசிரியரும், பதினோரு வருடம் ஓடிய 100 சிசி வண்டியில் மாப்பிள்ளை தனியாகவும் வந்தோம். யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பெயர். அவர் தனியாக வந்ததால் ஐவரின் மூட்டைகளும் அவருடைய கேரியரில் டியூப் ரப்பரால் கட்டப்பட்டன. இத்தகைய பயணங்களில் நாங்கள் மாற்றாமல் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: மெதுவான வண்டி முன்னால் போக வேண்டும். வேகமான வண்டி முன்னால் போனால் பின்னால் வருபவன் துரத்துவான், துரத்துபவன்தான் விழுவான். ஆகவே திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் அந்த நெடுஞ்சாலையில், மூட்டை சுமந்த வண்டிக்குப் பின்னால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி என்று ஊர்களை எண்ணிக்கொண்டே போனோம்.

இந்தச் சாலையில் தெற்கே போகிறவனுக்கு வலது கைப்பக்கம் முழுவதும் மேற்குத் தொடர்ச்சி மலைதான். ராஜபாளையம் வரை அது வெயிலில் காய்ந்து, மடிப்பு மடிப்பாகத் தெளிவாகத் தெரிந்தது. ஜூலை மாதத்தில் குளிக்கப் போகிறோம் என்பதையே நம்ப முடியாத அளவுக்கு அனல் அடித்தது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியைத் தாண்டியதும் காற்றின் குணம் மாறியது. கடையநல்லூரை நெருங்கும்போது வலப்பக்கத்து மலை இடுப்புக்கு மேல் காணாமல் போயிருந்தது. தேநீர் குடிக்க நிறுத்திய கடையில், செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே ஒரு பெரியவர் கேட்டார்: "குத்தாலத்துக்கா? மேக்க பாத்தீங்களா? மலை தெரியல்லல்லா, அப்ப தண்ணி நல்லா விழும். மலை பளிச்சுன்னு தெரிஞ்சா வேட்டியக் கூட நனைக்க முடியாது தம்பி." அந்த ஒரு வாக்கியம் கணக்காளரின் அட்டவணையை விட அதிகமாக எங்களுக்குப் பயன்பட்டது.

அவர் சொன்னதில் ஒரு நில அமைப்பே அடங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகத்தை மலைத்தொடர் மறித்து, மழையில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டவைத்துவிடுவதால் கிழக்குச் சரிவில் இருக்கும் நமது ஊர்கள் ஜூன், ஜூலையில் வெறும் காற்றைத்தான் பார்க்கின்றன. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவில், மலை தாழ்ந்து ஒரு கணவாயாகத் திறந்துகிடக்கிறது. அந்த வாசல் வழியாகத் தப்பி வரும் மேகம்தான் தென்காசியின் சாரல். மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் தூவும். தலைக்கவசத்தின் கண்ணாடியை மூடினால் மூச்சில் புகைகிறது, திறந்தால் கண்ணில் ஊசி குத்துகிறது. பாதி திறந்து, தலையைச் சற்றுக் குனிந்து ஓட்டும் ஒரு கலையைத் தென்காசிக்குள் நுழைவதற்குள் ஐவரும் கற்றுக்கொண்டுவிட்டோம்.

குற்றாலம் பேரருவிக்கு மாலையில் போனால், கயிறு கட்டி மறித்திருந்தார்கள். அருவியின் அடியில் குளிப்பவர்களின் பாதுகாப்புக்காகக் கட்டப்பட்ட வளைவு ஒன்று உண்டு. நீர் அந்த வளைவைத் தாண்டி முன்னால் விழத் தொடங்கினால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். காவலுக்கு நின்றவர், "அண்ணாச்சி, தண்ணி ஆர்ச்சத் தாண்டி விழுது. மேல மழை நின்னாத்தான் கயித்த அவுப்போம்" என்றார். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்னும் ஆழமான பாறைக் குழியில் விழுந்து, அது பொங்கி வழிந்த பிறகே கீழே வருகிறது. அப்படி வேகம் தணிந்து வரும் நீரே அன்று வளைவைத் தாண்டியிருந்தது. கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று இறங்கிய காட்டாற்று வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை நினைத்தால், அந்தக் கயிற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அருவிக்கு வரும் வெள்ளம் அருவிக்கு மேலே பெய்த மழை. கீழே நிற்பவனின் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கலாம்.

ஐந்தருவியிலும் அன்று தடைதான். கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாகக் குவிந்திருந்தன. கால் கிலோ மங்குஸ்தானைத் தோல் உரித்துத் தின்று விரலெல்லாம் ஊதாக் கறையோடு, குளிக்காமலேயே அறைக்குத் திரும்பினோம். அட்டவணையில் அன்றைக்கு மூன்று அருவிகள் இருந்தன. கணக்காளர் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

அதிகாலை நான்கு மணிக்கு ஆசிரியர் எல்லோரையும் உலுக்கி எழுப்பினார். சன்னலுக்கு வெளியே அருவியின் ஓசை கொஞ்சம் இறங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியதாம். நம்பாமல்தான் போனோம். கயிறு அவிழ்ந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக இறங்கும் நீருக்குக் கீழே முப்பது நாற்பது பேர் மட்டுமே இருந்தார்கள். பகலில் வரிசையில் நின்று, பின்னால் வருபவர் தள்ள, ஒரு நிமிடம் நனைந்து வெளியேறுகிற இடம் அது. அருவிக்குள் முதல் அடி வைக்கும்போது தண்ணீர் தோளில் விழுவதாகத் தெரிவதில்லை. யாரோ இரண்டு கைகளாலும் ஓங்கித் தட்டுவதாகத் தெரிகிறது. மூச்சு தானாக நின்றுவிடுகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, வாயால் மூச்சுவிடப் பழகுவதற்கு அரை நிமிடம் ஆகும். பிறகு வெளி உலகத்தின் சத்தம் எதுவும் கேட்காது. கண்ணைத் திறந்தால் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் நீர்த்திரைக்குப் பின்னால் மங்கித் தெரியும். முந்தைய நாள் முழுவதும் ஹேண்டில்பாரைப் பிடித்து இறுகிப்போயிருந்த கழுத்தும் தோளும் எப்போது தளர்ந்தன என்றே தெரியவில்லை. அண்ணனை வெளியே அழைத்துவர இரண்டு பேர் போக வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் கேரளத்துப் பாலருவி. செங்கோட்டையைத் தாண்டி, புளியரையில் தொடங்கும் 'எஸ்' வளைவில் மலை ஏற வேண்டும். ஆறு சக்கரத்திலிருந்து பதினாறு சக்கரம் வரை எல்லா வகை லாரிகளும் முனகிக்கொண்டு ஏறும் சாலை அது. வளைவில் ஒரு லாரி நின்றால் பின்னால் உள்ள அத்தனை வண்டியும் நிற்கும். நின்று, கிளம்பி, மறுபடி நின்று, கிளட்சைப் பிடித்துப் பிடித்தே ஏறிக்கொண்டிருந்தபோது கோட்டைவாசலுக்குச் சற்று முன்னால் 350 சிசி வண்டியின் கிளட்ச் கேபிள் அறுந்தது. நெம்புகோலுக்குள் உட்காரும் ஈயக்குண்டு மட்டும் அண்ணனின் உள்ளங்கையில் இருந்தது. கேபிளின் இழைகள் பழைய துடைப்பம் போலப் பிரிந்து நின்றன. இழை இழையாக அறுந்திருக்கிறது என்றால் குறைந்தது ஒரு வாரமாகவே கிளட்ச் கனமாக இருந்திருக்க வேண்டும். கேட்டதற்கு, "ஆமா, கொஞ்சம் டைட்டாத்தான் இருந்துச்சு" என்றார். கிளம்பும் முன் வண்டியை ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று மூன்று தடவை சொன்னவன் நான் என்பதைப் பெருந்தன்மையோடு இங்கே குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன்.

கிளட்ச் இல்லாமலும் வண்டியை ஓட்டலாம். ஆள் தள்ளி, வண்டி நகர்ந்த பிறகு முதல் கியரைத் தட்ட வேண்டும்; அதன்பின் ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டு அந்த இடைவெளியில் அடுத்த கியருக்குப் போக வேண்டும். சமதளத்தில் இது எளிது, ஏற்றத்தில் இது கூலி வேலை. சாரலில் வழுக்கும் தாரில் நானும் ஆசிரியரும் தள்ள, கணக்காளர் லாரிகளுக்குக் கை காட்ட, ஒருவழியாக எல்லையைத் தாண்டி இறக்கத்தில் உருண்டு ஆரியங்காவில் ஒரு பட்டறையை அடைந்தோம். மலையாளம் தோய்ந்த தமிழில் பேசிய அந்த மெக்கானிக்கிடம் எங்கள் வண்டிக்குரிய கேபிள் இல்லை. வேறொரு வண்டியின் கேபிளை எடுத்து, நீளம் மீந்த பகுதியை டாங்கிக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையில் திருகு வைத்த குண்டை முடுக்கி, அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். "இது மதுர வரைக்கும் போகும். மதுர போயிட்டு மாத்தணும், மறக்காண்டாம்" என்றார். உண்மையில் அந்தக் கேபிள் தீபாவளி வரை ஓடியது.

பாலருவிக்குச் சொந்த வண்டியில் போக முடியாது. நுழைவாயிலில் நிறுத்திவிட்டு வனத்துறையின் பேருந்தில் காட்டுக்குள் போக வேண்டும். இரண்டு நாட்களாக வண்டி ஓட்டியவர்களுக்கு ஒருவன் ஓட்ட, சன்னலோரம் உட்கார்ந்து போவது எவ்வளவு பெரிய சுகம் என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. சுமார் 300 அடி உயரப் பாறையில் படிப்படியாகத் தட்டி விழுவதால் நீர் முழுக்க நுரையாகி, பெயருக்கேற்றபடி பாலாகவே இறங்குகிறது. நாங்கள் போனபோது அடிவாரத்தில் குளிக்க அனுமதி இருந்தது. ஆனால் எனக்கு அங்கே குளியலை விடப் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. குற்றாலத்தில் நாங்கள் நனைந்த நீர் சிற்றாறாகக் கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, மன்னார் வளைகுடாவில் கலக்கும். பாலருவியின் நீரோ கல்லடை ஆற்றில் சேர்ந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே எங்கள் வண்டி ஓடிய தூரம் முப்பது கிலோமீட்டர் கூட இருக்காது. ஒரே மேகம், ஒரே நாள் மழை. மலைமுகட்டில் ஒரு துளி எந்தப் பக்கம் சாய்ந்து விழுகிறதோ அதைப் பொறுத்து அதற்குக் கிடைக்கும் கடல் மாறிவிடுகிறது. இதை நான் சத்தமாகச் சொன்னபோது மாப்பிள்ளை, "பசிக்குது" என்றார்.

திரும்பும் வழியில் அல்ல, இன்னும் கொஞ்சம் மேற்கே போய், கழுதுருட்டிக்கு அருகில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தையும் பார்த்துவிட்டே வந்தோம். 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதைக்காகக் கட்டிய கற்பாலம். மீட்டர் கேஜ் பாதையாக இருந்த காலம் முடிந்து 2018 முதல் அகலப்பாதை ரயில்கள் அதன் மேல் ஓடுகின்றன. ரயிலுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை. இருட்டியபின் பிரானூர் பார்டருக்கு வந்து பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் சாப்பிட்டது பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை தடம் மாறிவிடும். இன்று தமிழ்நாட்டின் எல்லைக் கடைகளாக இருக்கும் இந்தச் செங்கோட்டைப் பகுதி, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது என்பதை மட்டும், சால்னாவில் அந்தக் கலப்பின் வாசனை இருப்பதாக அண்ணன் வாதாடியதால், இங்கே சொல்லி வைக்கிறேன்.

மூன்றாம் நாள் கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம். இந்த நான்கு நாட்களில் வண்டி ஓட்டுவதற்காகவே மறுபடி போக வேண்டும் என்று நான் நினைப்பது இந்தச் சாலைக்குத்தான். லாரி இல்லை, அவசரம் இல்லை. ஒரு பக்கம் கார் சாகுபடிக்கு நடவு நடந்துகொண்டிருக்கும் வயல்கள், மறுபக்கம் மேகத்துக்குள் மூழ்கிய மலை, இடையிடையே ராமநதியும் கடனாநதியும். முந்தின நாள் குளித்த துண்டுகளும் லுங்கிகளும் காயாததால் அவற்றை மூட்டையின் மேல் விரித்துக் கட்டியிருந்தோம். முன்னால் போன மாப்பிள்ளையின் வண்டி, கொடி கட்டிய தேர்தல் பிரசார வாகனம் போலப் படபடத்துக்கொண்டு போயிற்று. ஓர் ஊரில் சிறுவர்கள் கைகூட ஆட்டினார்கள்.

பாபநாசத்துக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கும் மதுவும் இருக்கிறதா என்று மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். டியூப் ரப்பரை அவிழ்த்து மறுபடி கட்டுவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. கட்டத் தெரிந்த ஒரே ஆளான மாப்பிள்ளை அன்று யாரோடும் பேசவில்லை. அகத்தியர் அருவியில் ஆண்டு முழுவதும் நீர் உண்டு என்பதால் உள்ளூர் மக்கள் அதைக் குற்றாலத்தைப் போலத் திருவிழாவாகக் கொண்டாடாமல், வீட்டுக் குளியலறையைப் போல இயல்பாகப் புழங்குகிறார்கள். நீரின் கனம் குறைவு. ஒரு மணி நேரம் நின்றாலும் யாரும் விரட்டவில்லை. கணக்காளர் தம் தலைக்கவசத்துக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த நேந்திரம் சிப்ஸை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தின்றது. தலைக்கவசத்தை மட்டும் விட்டுவிட்டது.

மணிமுத்தாறு அருவிக்கு அன்று பிற்பகல் போனோம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டப்பட்ட, 118 அடி வரை நீர் தேக்கக்கூடிய மணிமுத்தாறு அணையைக் கடந்து மலைமேல் ஏற வேண்டும். குற்றாலத்தில் வளைவைத் தாண்டி நீர் விழும் அதே வாரத்தில் இங்கே அருவி மெலிந்து, பாறையை ஒட்டி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆற்றுக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழைதான் உயிர். நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள் அருவிகளின் பருவமே மாறிவிடுகிறது. எல்லா அருவியையும் ஒரே பயணத்தில் பொங்கப் பொங்கப் பார்த்துவிடலாம் என்று அட்டவணை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கு அது குறையாகப் படவில்லை. ஆரவாரம் இல்லாத அந்த நீரின் ஓரத்தில் உட்கார்ந்து பேசியதுதான் இந்தப் பயணத்தில் ஐவரும் சேர்ந்து பேசிய ஒரே பேச்சு. வண்டியில் போகும்போது ஒருவரோடு ஒருவர் பேச முடியாது, பெரிய அருவியில் காது கேட்காது, அறைக்கு வந்தால் தூக்கம். அண்ணன் வேலையை விடப்போவதை அங்கேதான் சொன்னார்.

அன்றிரவு களக்காட்டில் தங்கிவிட்டு நான்காம் நாள் காலை திருக்குறுங்குடி, பணகுடி வழியாக ஆரல்வாய்மொழிக்கு வந்தோம். மலைத்தொடரின் தென்முனையில் உள்ள இந்தக் கணவாயில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்பதை முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளே சொல்லும். நேராக ஓட வேண்டுமென்றால் வண்டியைக் காற்று வரும் பக்கமாகச் சாய்த்தே பிடிக்க வேண்டியிருந்தது. எதிரே லாரி வந்தால் அது கடக்கும் நேரத்துக்குக் காற்று சட்டென்று அறுபடும். சாய்ந்திருந்த வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். நிமிர்த்துவதற்குள் லாரி போய்விட, காற்று மறுபடி ஓங்கி அறையும். புளியரை ஏற்றத்தில் வராத பயம் எனக்கு இந்தச் சமதளத்தில் வந்தது. மூட்டை பாய்மரமாக நின்றதால் மாப்பிள்ளையின் வண்டி ஒரு முறை வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கியது. அதன்பின் தோவாளை வரை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் யாரும் போகவில்லை.

குலசேகரத்தை நெருங்கும்போது ரப்பர் தோட்டங்கள். பால் வடியும் வெட்டில் மழைநீர் கலக்காதபடி ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். குமரிக் குற்றாலம் என்று அழைக்கப்படும் திற்பரப்பில், கோதையாறு அகலமான பாறைப் படுகையில் பரந்து வந்து சுமார் 50 அடி உயரத்திலிருந்து வரிசையாக விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நீரை விட மனிதர்கள் அதிகம். பத்து நிமிடம் நனைந்தோம், போதும் என்றிருந்தது. நான்கு நாட்களில் முதன்முறையாக, 'அடுத்து எங்கே' என்று ஒருவரும் கேட்கவில்லை. அருகிலிருக்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் அட்டவணையின் கடைசி வரியாக இருந்தது. 1966இல் கட்டப்பட்ட, 115 அடி உயரமுள்ள அந்தப் பாலத்தைப் பார்க்காமலேயே நாகர்கோவிலுக்குத் திரும்பியதற்குக் கணக்காளரே சம்மதித்தார்.

நெல்லையைத் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியபின் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கயத்தாறுக்கு அருகே தேநீருக்காக நிறுத்தியபோது மணி ஆறு இருக்கும். லுங்கிகள் ஒருவழியாகக் காய்ந்திருந்தன. மேற்கே, சூரியன் இறங்கும் பக்கம், நான்கு நாட்களாக எங்களுக்கு முகம் காட்டாத மலை, ஒரு பொட்டு மேகம்கூட இல்லாமல், கரி கொண்டு கோடிழுத்தது போல நீளமாக நின்றது.

மாப்பிள்ளை கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலை தெரியுதுடா. இன்னைக்குக் கயித்த அவுத்திருப்பாங்க."

கணக்காளர் சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்து, சூடான டம்ளருக்கு அடியில் வைத்தார்.